உல்லையிலிருந்து ஓதப் போன வழி

வெளியூரார் அறுகம்பே என்று சொல்லும் இடத்தை நாங்கள் உல்லை என்போம். பொத்துவில் டவுனிலிருந்து தெற்கே 3 கிலோமீற்றர். நடுவில் களப்பு, அதன்மேல் பாலம். பாலத்துக்கு வடக்கே பொத்துவில். தெற்கே எங்கள் ஊர், பின்னர் பாணமை, அதற்கும் அப்பால் உகந்தை முருகன் கோவில். கதிர்காமத்துக்கு கால்நடையாகப் போகும் தமிழ்ச் சகோதரிகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் அப்படி நடந்து போயிருக்கலாம்.

சித்திரை பிறந்தால் அலை எழும்பும். வெள்ளைக்காரர் பலகையோடு வந்து சேர்வார்கள். ஐப்பசி வரை விடுதிகளில் சமையல், சலவை, முச்சக்கர வண்டி ஓட்டம் என்று நாலு காசு புரளும். பிறகு மாரி மழை. விடுதிகள் பூட்டப்படும், ஊர் மறுபடியும் எங்களுடையதாகும். எனக்குப் பிடித்தது அந்த மாரி காலம்தான்.

நான் மௌலவியா படிப்புக்குச் சேர்ந்தது 2006 நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு. கல்லூரி கல்முனைப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். பொத்துவிலில் பஸ் ஏறினால் கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது. ஒரு தமிழூர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். வேம்பும் கோவில் கோபுரமும் போய் பள்ளிவாசல் மினாரா வரும், மறுபடி கோபுரம் வரும். அப்போது இந்த ஊர்களின் எல்லைகளில் எல்லாம் சோதனைச் சாவடி இருந்தது. இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறவேண்டும். கிதாபுகளைப் புரட்டிப் பார்த்து "இது என்ன எழுத்து?" என்று கேட்பார்கள்.

நான் சேர்வதற்கு முந்திய மாதம், செப்டெம்பரில், பொத்துவில் ரத்தல்குளத்தில் வேலைக்குப் போன 10 முஸ்லிம் ஆண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பத்துப் பேரும் உழைப்பாளிகள். ஊரே அழுதது. அவர்களின் மனைவிமார் இத்தாவில் இருந்த வேளையில்தான் நான் பெட்டியைக் கட்டினேன். அந்த வீடுகளில் ஒரு கேள்வி அடிபட்டது. மரணச் சான்றிதழுக்கும் நிவாரணத்துக்கும் கையொப்பமிட இத்தாவில் உள்ள பெண் வெளியே போகலாமா? சுனாமிக்குப் பிறகும் இதே கேள்வி எழுந்திருந்தது. கேட்கப் போனால் ஆலிம்கள் எல்லாரும் ஆண்கள். இத்தாவில் இருக்கும் பெண் எப்படி நேரில் போய்க் கேட்பாள்? மகனை அனுப்புவாள். பத்து வயது மகன் பாதியை மறந்துவிட்டு வருவான்.

நாலு வருடம் விடுதியில் தங்கி ஓதினேன். அரபு இலக்கணம், தப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ். மலபாரின் ஸெய்னுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய பத்ஹுல் முயீன் எங்கள் ஷாஃபி மத்ஹபு மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது. இத்தா பாடம் வந்த அன்று நான் ஒரு சொல்லும் தவறவிடாமல் எழுதினேன். கணவனை இழந்தவளுக்கு 4 மாதமும் 10 நாளும், கர்ப்பிணியானால் பிரசவம் வரை. அத்துடன், தேவைக்காகப் பகலில் வெளியே போய் இரவுக்கு வீடு திரும்ப அனுமதி உண்டு. ஊரில் எத்தனையோ பெண்கள் தவித்த கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருந்தது.

2010இல் எனக்குக் கலியாணம் ஆனது. ஒரு வருட ஓதல் மீதி. "இனி என்னத்துக்கு?" என்று பலர் கேட்டார்கள். கலியாணம் முடித்தவளுக்கு விடுதியில் இடமில்லை என்று கல்லூரியிலும் சொன்னார்கள். படிப்பு அங்கேயே நின்றிருக்கும். நிற்காததற்குக் காரணம் என் கெட்டித்தனம் அல்ல, எங்கள் கரையோரத்தின் பழைய வழக்கம். இங்கே பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. தாயின் குடிதான் பிள்ளைக்கும் குடி. முஸ்லிம்களிடம் மட்டுமல்ல, இக்கரைத் தமிழரிடமும் இது உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி இதைப் பற்றியே பெரிய நூல் எழுதியிருக்கிறார். வீடு கட்டிக் கொடுப்பதற்காக வாப்பாமாரும் காக்காமாரும் படும் கடன் பாரத்தை நான் மறைக்கவில்லை. கைக்கூலியும் சேர்ந்தால் அது கொடுமைதான். ஆனால் உம்மாவின் கூரைக்குள் இருக்கும் பெண்ணுக்கு பிள்ளையைத் தூக்க ஒரு கை எப்போதும் உண்டு.

அந்த வீடும் போகத்தான் பார்த்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். இலங்கையில் அதிக உயிர்கள் போன மாவட்டம் எங்களுடையது. உல்லையில் பாலமும் உடைந்தது, எங்கள் வீட்டில் அத்திவாரம்தான் மிஞ்சியது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். உதவிப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அதில் வாப்பாவின் பெயரை எழுதப் போனபோது அவரே தடுத்தார்.

"இது என்ட வீடில்ல, இவட வீடு. நான் கலியாணம் முடிச்சி வந்தவன். என்ட பேர என்னத்துக்கு?"

படிவத்தை நிரப்பியவருக்கு விளங்கவில்லை. மூன்று தரம் நடந்து, உம்மாவின் பெயரை எழுதுவித்தார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போன எத்தனையோ வளவுகள் அந்த ஒரு கட்டத்தால் ஆணின் பெயருக்கு மாறின. அரச காணிகளுக்கான 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்திலும் வாரிசு என்று வரும்போது ஆணுக்கே முதலிடம் இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள்.

என் கலியாணத்தில் காவின் புத்தகத்தில் வாப்பா கையொப்பமிட்டார். மணமகள் ஒப்பமிட அதில் இடமில்லை. ஆனால் அதே மாதம் உம்மா எழுதித் தந்த வீட்டு உறுதியில் என் பெயர் இருந்தது.

கணவர் அக்கரைப்பற்றுக்காரர், விடுதியொன்றில் சமையல். சாய்ந்தமருதில் என் உம்மாவின் தம்பி கலியாணம் முடித்துப் போன வீடு இருந்தது. மாமியினுடைய வீடு. சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸேறி, வாரம் முழுக்க மாமி வீட்டில் தங்கி ஓதி, வியாழன் லுஹருக்குப் பிறகு ஊர் திரும்புவேன். 2008இல் திறந்த புதுப்பாலத்தில் வண்டி ஏறும்போது களப்பின் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அதன் பிறகுதான் நான் ஒருவரின் மனைவி என்பது நினைவு வரும். சாவடிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்திருந்தன.

டிசம்பரில் மகள் பிறந்தாள். ஜனவரி 2011இல் கிழக்கு முழுவதும் வெள்ளம். அட்டாளைச்சேனை வயல்கள் கடலாகக் கிடந்தன என்று கேள்விப்பட்டேன். நாற்பது முடியும்வரை போகவும் முடியாது, வெள்ளம் எனக்காகவே பாதையை மறித்ததுபோல் இருந்தது! விடுதிகள் பூட்டிய காலம், கணவர் வீட்டில்தான். இரவில் பிள்ளையை அவர் தோளில் போட்டு நடப்பார், நான் விளக்கடியில் புகாரி கிதாபைப் பார்ப்பேன். நீர் வடிந்ததும் மாமி வீட்டுக்குப் பிள்ளையோடு போனேன். உம்மாவும் கூட வந்தார். பாட இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவேன். மாமி தட்டோடு வாசலில் நிற்பார், "முதல்ல தின்டுட்டுப் போ புள்ள" என்று. நோன்புக்கு முன் கடைசிப் பரீட்சை எழுதி முடித்தேன்.

இன்று உல்லை வேறு ஊர் மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் நீளக் கால்சட்டையும் கைமூடிய சட்டையும் அணிந்து அலையில் சறுக்குகிறார்கள். 2018இல் அறுகம்பே பெண்களுக்கென்றே ஒரு கழகம் அமைந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு, கடலுக்கு அஞ்சி வளர்ந்தவள் என்பதால், பார்க்க ஆறுதல்.

வியாழன் அஸருக்குப் பிறகு என் வீட்டு விறாந்தையில் பெண்கள் கூடுவார்கள். தொழுகை, சுத்தம் பற்றிய கேள்விகள்தான் கூட. சில நேரம் ஒருத்தி எல்லாரும் எழுந்து போகும்வரை காத்திருப்பாள். கணவன் யுத்தத்தில் காணாமற்போனவள். மௌத்து என்று யாரும் சொல்லவில்லை, இத்தா எங்கிருந்து தொடங்குவது? கிதாபில் உள்ளதையும் சொல்வேன், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழ் காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெறலாம் என்பதையும் சொல்வேன், அலுவலகத்துக்கும் கூடப் போவேன். மகனை அனுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

இந்த வருடம் எங்கள் ஒழுங்கையிலிருந்து இரண்டு பெண்கள் கடைசி வருடம் ஓதுகிறார்கள். ஒருத்திக்குக் கைக்குழந்தை. சனிக்கிழமை சுபஹுக்கு முன் அவளுடைய உம்மா பிள்ளையை எங்கள் வீட்டில் கிடத்திவிட்டு, பஸ் வரை அவளோடு நடந்து போவார். பிள்ளை பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருக்கும்.