மகனை மகளாக்கிய விசைப்பலகை

ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து ஒரு பகுதியை முழுவதுமாக நீக்கிவிட்டேன். காரணம் மொழியியலில் இல்லை. என் மடிக்கணினியின் உள்ளீட்டு முறையில் இருந்தது. தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதும் நண்பர்களுள் லினக்ஸ் பயன்படுத்துவோர் இதைச் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

மும்பை தாராவியில் வாழும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் பேச்சுத்தமிழே என் ஆய்வுப்பொருள். பேச்சில் சொல்லின் ஈற்று மெய் நலிவது புதிய செய்தி அன்று. 'வந்தாள்' என்பது 'வந்தா' ஆகும். 'வந்தான்' என்பதில் னகரம் தேய்ந்து உயிர் மூக்கொலி பெறும். அந்த மூக்கொலி கேட்கும் இடங்களில் 'ன்' என்றே எழுதுவது நான் வகுத்துக்கொண்ட முறை. 37 பதிவுகளை எழுதி முடித்தபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது: பேச்சாளர் நிறுத்தி மூச்சு விடும் இடங்களில் ஈற்று மெய் அறவே மறைந்திருந்தது, தொடர்ந்து பேசும்போது நின்றது. எப்போதும் அல்ல, பெரும்பாலும். அந்தப் 'பெரும்பாலும்'தான் என்னை ஏமாற்றியது. உண்மையான மொழித்தரவு அப்படித்தானே இருக்கும்!

நெறியாளர்தான் 14ஆம் பதிவில் விரலை வைத்தார். ஒரு பாட்டி சொல்கிறார்: "எம் மவ. அவந்தான் என்னைய பம்பாய்க்குக் கூட்டிட்டு வந்தான்." திருநெல்வேலிப் பேச்சில் மவ என்றால் மகள். மகளை எப்படி 'அவன்' என்பார்? "நீங்கள் மறுபடி ஒலியைக் கேட்டீர்களா, எழுதியதை மட்டும் படித்தீர்களா?" என்று கேட்டார். படித்திருந்தேன். அன்றிரவு கேட்டேன். பாட்டி 'மவன்' என்றே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

முதலில் எழுத்துருவைச் சந்தேகித்தேன். பிறகு ஐபஸை மீண்டும் மீண்டும் தொடங்கிப் பார்த்தேன். எந்த உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துவது என்று செயலிகளுக்குச் சொல்லும் சூழல் மாறிகளை மாற்றினேன். இரண்டு இரவுகள் வீணாயின. விடை என் கையசைவில் இருந்தது.

நான் தட்டுவது ஒலியியல் முறையில். அதில் 'ன்' என்று தட்டியவுடன் அது ஆவணத்தில் சேர்ந்துவிடுவதில்லை. அடுத்து அகரம் வந்தால் 'ன' ஆக வேண்டும், ஆகாரம் வந்தால் 'னா' ஆக வேண்டும். ஆகவே அடிக்கோட்டோடு திரையில் தோன்றி, உயிருக்காகக் காத்திருக்கிறது. இடைவெளியோ நிறுத்தற்குறியோ தட்டிய பிறகுதான் ஆவணத்துக்கு உரியதாகிறது. பார்வைக்கு அது எழுதிய எழுத்துதான்; கோப்பில் அது இன்னும் இல்லை.

பேச்சாளர் நிறுத்தும் இடத்தில் நான் என்ன செய்வேன்? இடைவெளி தட்டாமலேயே சுட்டியால் ஒலிப்பானைச் சொடுக்கிப் பதிவை நிறுத்துவேன். திரும்பி வந்து முற்றுப்புள்ளி வைப்பேன். குவியம் வேறு சாளரத்துக்குப் போகும் அந்தக் கணத்தில் காத்திருக்கும் எழுத்தை என்ன செய்வது என்பதற்கு ஐபஸில் இரு வழிகள் உண்டு: ஆவணத்தில் பதிவது, அல்லது துடைத்துவிடுவது. மேசைத்தளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்திய பிறகு, வேலண்ட் அமர்வில் என் கணினி துடைத்துக்கொண்டிருந்தது. நுழைவுத் திரையின் பற்சக்கரக் குறியில் பழைய எக்ஸ் அமர்வைத் தேர்ந்தெடுத்து அதே சொல்லைத் தட்டிச் சொடுக்கினேன். னகரம் அப்படியே நின்றது.

ஆக, பாட்டியின் மூச்சும் என் சொடுக்கும் ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன. இடையிடையே இடைவெளி தட்டிவிட்டுச் சொடுக்கிய பழக்கம்தான் 'பெரும்பாலும்' என்ற நுட்பத்தைக் கொடுத்தது.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிப்பை உயர்த்துவதற்கு முன் எழுதிய முதல் 11 பதிவுகளில் இந்த ஒழுங்கு இல்லவே இல்லை. அதைக் கவனித்தும் இருந்தேன். அவை முறையான நேர்காணல்கள், பின்னவை இயல்பான உரையாடல்கள்; ஆகவே வேறுபாடு நடையால் வந்தது என்று ஒரு பத்தி முழுக்க விளக்கமும் எழுதியிருந்தேன். நல்ல பத்தி. அதுவும் போயிற்று.

நீங்களும் சோதிக்கலாம். உரைத்தொகுப்பியில் மெய்யில் முடியும் ஒரு சொல்லைத் தட்டி, வேறெந்த விசையையும் தொடாமல் மற்றொரு சாளரத்தைச் சொடுக்கித் திரும்பி வாருங்கள். கடைசி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு செயலியில் நின்றால் போதாது. கேட்டு எழுதப் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலியிலும் பார்க்க வேண்டும். நான் இப்போது எக்ஸ் அமர்விலேயே எழுதுகிறேன். சொடுக்கும் முன் இடைவெளி தட்டவும் கையைப் பழக்கிவருகிறேன். கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன்.

மீதி 26 பதிவுகளை முதலிலிருந்து கேட்டுத் திருத்துகிறேன். இதுவரை முடித்த 17இல் அந்த ஒழுங்கின் சுவடே இல்லை. இன்னும் 9 இருக்கின்றன.