கோட்டைக்குள் ஒரு மலையேற்றம்

இலண்டன் மாநகரின் வடபால், ஸ்ரோக் நியூவிங்ரன் என்னும் பகுதியிலே, கிறீன் லேன்ஸ் வீதியோரமாக ஒரு கோட்டை நிற்கின்றது. அதன் கோபுரங்களைக் கண்டு, எந்த அரசன் இங்கே போர் புரிந்தான் என்று வினவுவோர் ஏமாறுவர். 1850-களிலே வில்லியம் சட்வெல் மில்ன் என்னும் பொறியியலாளர் அமைத்த நீரேற்று நிலையமே அது. வாந்திபேதியால் இலண்டன் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த காலம். வடிகட்டிய நீரையே வீடுகளுக்கு வழங்குதல் வேண்டுமென 1852-இல் சட்டம் பிறந்தது. நீராவிப் பொறிகளின் புகைபோக்கி ஒரு கோபுரத்துள் மறைக்கப்பட்டது. மற்றொன்றுள் சுழற்படிகள் அமைந்தன. பொறிகள் ஓய்ந்து பல்லாண்டு கழிந்தபின், 1995 முதல் அக்கட்டடம் செயற்கைப் பாறைகளில் ஏறிப் பழகும் நிலையமாக விளங்குகின்றது.

இக்கோட்டைக்கு நமது தமிழ்ச் சங்க அன்பர் பன்னிருவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. அவர்களுள் மாமரம் ஏறியவர் பலர். சுவர் ஏறியவர் ஒருவருமிலர். ஆகவே ஆசிரியரோடு கூடிய வகுப்பையே முன்கூட்டிப் பதிவு செய்தோம். காயமும் மரணமும் நேரக்கூடிய விளையாட்டு இது என்று வெளிப்படையாகக் கூறும் படிவமொன்றில் யாவரும் ஒப்பமிடல் வேண்டும். அதனை வாசலில் வைத்து நீட்டினால் பாதிப்பேர் தேநீரோடு நின்றுவிடுவர் என்று அஞ்சி, ஒரு வாரம் முன்னரே வீடுகளுக்கு அனுப்பினோம். மோதிரங்களைக் கழற்றி வருக என்று எழுத மட்டும் மறந்தோம்.

அந்த மறதி அம்மையார் ஒருவரைச் சோதித்தது. முப்பதாண்டாக விரலை விட்டு நீங்காத மோதிரம் அவருடையது. சவர்க்காரமும் தண்ணீருமாக அவர் போராடிக் கழற்றிக் கணவரிடம் கொடுத்து வருவதற்குள், ஏனையோர் இடுப்பு வாரணிந்து, எட்டு வடிவ முடிச்சிட்டு, ஆளுயரத்தில் கைவிட்டுக் கயிற்றில் அமரும் பயிற்சியையும் முடித்துவிட்டனர். “இவருக்கு மீண்டும் காட்டவா?” என்று ஆசிரியர் கேட்டார். நேரமாகின்றது என்று தடுத்தவர் நாமே.

அம்மையார் அழகாக ஏறினார். கைவலியை நம்பாது கால்களை ஊன்றி எழுவதே இவ்வித்தையின் நுட்பம். இளைஞரெல்லாம் கைகளாலேயே தொங்கிக் களைத்துப் போக, அவர் படியேறுவதுபோல் நிதானமாக உச்சி தொட்டார். இறங்கும்போதுதான் வந்தது வினை. கீழே வரவேண்டுமாயின் சுவரை விட்டுக் கயிற்றில் சாய்ந்து அமர வேண்டும். மற்றவர்கள் ஆளுயரத்தில் கற்ற அப்பாடத்தை அவர் முப்பதடிக்கு மேலே கற்க நேர்ந்தது. கைகள் பிடியை விட மறுத்தன. ஆசிரியர் அமைதியாக எடுத்துரைத்தார், பயனில்லை. நமக்கு நா வறண்டது.

அப்போது கணவர், மூடிய கையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரடிக்கு வந்தார்.

“இஞ்சாரும், கையை விடும். கயிறு இறுக்கமாத்தான் இருக்குது. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறன்.”

ஒரு கை விடுபட்டது, பின்னர் மற்றது. கயிறு முறுகி, அவர் மெல்ல மெல்ல இறங்கித் தரையில் கால் ஊன்றினார். நாம் மன்னிப்புக் கேட்டோம். “அதை விடுங்கோ தம்பி, அந்தப் பச்சைச் சுவரிலும் ஏறலாமோ?” என்றார்.

திரும்பும்போது மனர் ஹவுஸ் நிலையத்தில் ரெயிலுக்குக் காத்திருக்கையில், மோதிரத்தை அணிய முயன்றார். விரல்கள் வீங்கியிருந்தன. கணவர் அதனை மீண்டும் வாங்கிச் சட்டைப்பையுள் இட்டுக்கொண்டார்.