காலி இடம் தேடி அந்தமானுக்கு

ரெயில் வண்டியில் உட்கார இடமில்லையென்றால், கதவோரம் நின்றுகொண்டாவது ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகாய விமானத்தில் அது நடவாது. நாற்காலி இருந்தால் பிரயாணம், இல்லையேல் வீடு. ஆயினும், நாற்காலி உண்டா இல்லையா என்று அறியாமலே டிக்கெட்டும் கையுமாக விமான நிலையத்துக்குப் புறப்படும் ஒரு கூட்டத்தார் உண்டு. விமானக் கம்பெனிச் சிப்பந்திகளின் குடும்பத்தாரே அவர்கள். எங்கள் இல்லத்தரசி அத்தகைய கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவளாதலால், நாங்களும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

இந்த ஏற்பாட்டின் விவரம் இதுதான். சிப்பந்திகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு. 'ஐடி 90' என்ற வகை டிக்கெட்டில் 100-க்கு 90 பங்கு தள்ளுபடி. ஆனால் முழுக் கட்டணம் கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு, மீதியிருக்கும் இடந்தான் நமக்கு. நம் நாட்டு உள்நாட்டு விமானங்களில், புறப்படுவதற்கு ஒரு மணி முன்பாகப் பதிவை முடித்துவிடுவது வழக்கம். அதன் பிறகே காத்திருப்போரின் பெயர்களைப் பார்ப்பார்கள். அவர்களுக்குள்ளும் முன்பின் உண்டு. வேலை நிமித்தம் போகும் சிப்பந்தி முதலில். மற்றவர்கள் கம்பெனியின் விதிப்படி, சேவை வருஷத்தையோ வந்து பதிந்த நேரத்தையோ பொறுத்துப் பின்னால். இதற்கே 'ஸ்டாண்ட்பை' என்று பெயர்.

டில்லிக்கோ பம்பாய்க்கோ இப்படிப் போவதில் பெரிய அபாயமில்லை. விமானம் தவறினால் ரெயில் இருக்கிறது. தீவுக்குப் போவது வேறு விஷயம். சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று அதிகம். கப்பலிலோ ஏறக்குறைய மூன்று நாள். கப்பலும் தினந்தோறும் கிடையாது. இவ்வளவும் தெரிந்தே 2023-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி மீனம்பாக்கத்துக்குச் சென்றோம். காரணம், எழுபத்துநான்கு வயதான எங்கள் அன்னையார். "காசி ராமேசுவரம் பார்த்தாயிற்று, அந்தமான் சிறையையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்" என்று பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நால்வருக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. "அத்தை, நீங்கள் புறப்படுங்கள். நான் நாளைக்கு வந்து சேர்கிறேன்" என்று இல்லத்தரசி பின்தங்கினாள். சொன்னபடியே மறுநாள் வந்து சேர்ந்தாள்.

2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பெற்ற அவ்வூர், அப்போது போர்ட் பிளேர். குன்றும் கடலும் மாறி மாறித் தோன்றும் அழகான ஊர். கடலோரமாக நிற்கிறது அந்தச் சிறை. 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம். அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் ஏழு கட்டடங்கள். அவற்றுள் இன்று மூன்றே எஞ்சியிருக்கின்றன. ஒரு கட்டடத்தின் முன்புறம் அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி அமைத்தார்கள். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணலாகாது என்பதே நோக்கம். சிறிய அறை, உச்சியில் ஒரு காற்றுத் துவாரம், பகலெல்லாம் செக்கிழுக்கும் வேலை. அன்னையார் ஓர் அறைக்குள் நுழைந்து, சுவரில் கையை வைத்தபடி வெகு நேரம் நின்றார். "சுற்றிலும் சமுத்திரம் இருந்தும், ஓர் அலையைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாமல் வைத்தார்களே!" என்றார். 1979 முதல் அச்சிறை தேசிய நினைவுச் சின்னமாக விளங்குகிறது.

திரும்புகாலில்தான் சோதனை. உல்லாசப் பிரயாணிகள் கூடும் காலம். 28-ந் தேதி இடமில்லை. 29-ந் தேதியும் இல்லை. ஒவ்வொரு நாளும் விடுதியைக் காலி செய்வது, மூட்டையுடன் நிலையத்துக்குப் போவது, பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது, மறுபடியும் விடுதிக்காரரிடம் அறை கேட்பது. கட்டணத்தில் மிச்சப்பட்டதை அறை வாடகை தின்றுகொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடமோ ஜனவரி 2-ந் தேதி திறப்பு.

30-ந் தேதி இரண்டு இடங்கள் கிடைத்தன. யார் போவது? பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண், "பாட்டியை நான் அழைத்துப் போகிறேன், அப்பா" என்றாள். அவர்கள் இருவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, அன்று மாலை கடற்கரைப் பக்கம் நடந்தோம். 1943-ம் வருஷம் அதே டிசம்பர் 30-ந் தேதி அவ்வூரில் நேதாஜி கொடியேற்றினார் என்பது நினைவுக்கு வந்தது. சரியாக எண்பது வருஷங்கள்! திரும்பி வருவோம் என்ற நிச்சயமே இல்லாமல் கப்பலேறியவர்கள் இருந்த ஊரில், இரண்டு நாள் தாமதத்துக்காக முகம் சுளிப்பது அழகல்ல என்று தோன்றியது.

31-ந் தேதியும் ஏமாற்றமே. ஜனவரி முதல் தேதி, பதிவு முடிந்த பிறகு எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார்கள். சந்தோஷத்துடன் எழுந்தோம். அதே சமயத்தில் ஓர் இளந்தம்பதி மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். வழியில் டாக்ஸி பழுதாகிவிட்டதாம். சிப்பந்தி கடிகாரத்தைக் காட்டினார். அந்தப் பெண்ணின் கண்களில் நீர் தளும்பியது. எங்களுக்குக் கிடைத்தவை அவர்களுடைய இடங்களே. விதிப்படி அவை எங்களுக்கு உரியவைதாம். ஆயினும் விமானம் மேலே கிளம்பிய பிறகும் எங்களுக்குள் பேச்செழ வெகு நேரமாயிற்று.

இத்தகைய பிரயாணத்துக்குச் சில நியமங்கள் உண்டு. மூட்டை சிறிதாயிருக்க வேண்டும். மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாயிருக்க வேண்டும். முழுக் கட்டணத்துக்கான பணம் தனியே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கோ பரீட்சைக்கோ குறித்த நாளில் போயாக வேண்டுமென்றால், சலுகையை மறந்து முழு டிக்கெட் வாங்குவதே விவேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, முணுமுணுக்கலாகாது. காலி இடம் நம்முடைய பாத்தியதை அல்ல. பிறர் வராமற்போனதால் நமக்கு வந்த பிரசாதம். அதை அடக்கத்துடன் வாங்கிக்கொள்வதே முறை.