கதை முடிந்த புதன்கிழமை

கதை முடிந்தால் கேட்டவர் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று நாம் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். முடிந்துபோன கதைக்காக ஒருவர் வருந்துவது, அதிலும் நடவாத, நடக்கவே இயலாத விஞ்ஞானக் கற்பனைக் கதைக்காக வருந்துவது, வேலையற்றவர் செய்யும் வேலை என்பது நமது துணிபு. அந்தத் துணிபை நம்மிடமிருந்து பறித்தவன் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன். பறித்த நாள் 1989-ஆம் ஆண்டு டிசம்பர் 6, புதன்கிழமை.

மேற்படிப்பின் பொருட்டு அப்போது இங்கிலாந்தில் தங்கியிருந்தோம். வட பகுதி நகரமொன்றில், கணவரை இழந்த ஓர் அம்மையாரின் வீட்டு மாடியறை நமக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. அவருடைய ஒரே மகன்தான் நாம் குறிப்பிட்ட சிறுவன். அந்த இலையுதிர் காலத்தில் புதன்கிழமை தோறும் இரவு ஏழரை மணி நெருங்கினால் அவனை எவரும் எதற்கும் அழைக்க முடியாது. பி.பி.சி. தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்ற தொடர் வரும் நேரம் அது.

அத்தொடரைப் பற்றி வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். அது தொடங்கியது 1963 நவம்பர் 23 அன்று. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள். உலகமே அத்துயரச் செய்தியில் மூழ்கியிருந்த வேளையில் முதல் பகுதியைக் கவனிக்காமல் விட்டவர் பலர். எனவே அடுத்த வாரம் அதையே மீண்டும் காட்டிவிட்டு, பின்னர் இரண்டாம் பகுதியைத் தொடர்ந்தனர். கதைத் தலைவனுக்குப் பெயர் இல்லை. 'டாக்டர்' என்றே அழைக்கப்படுகிறான். அவன் மானிடனும் அல்லன். காலத்தையும் விண்வெளியையும் கடந்து திரிபவன். அவனுடைய ஊர்தி, அக்காலத்து ஆங்கிலத் தெருக்களில் நின்ற நீலநிறப் போலீஸ் தொலைபேசிக் கூண்டின் தோற்றம் கொண்டது. வெளியே ஓர் ஆள் நிற்குமளவு. உள்ளேயோ ஒரு மாளிகையின் விரிவு.

முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெலுக்கு 1966-இல் உடல்நலம் குன்றியபோது, தொடரை நிறுத்துவதற்குப் பதிலாகத் தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டனர். டாக்டர் சாகும் தறுவாயில் வேறு உடலும் வேறு முகமும் பெற்று எழுவான் என்று கதையை வகுத்தனர். அதனால் நடிகர்கள் மாறினாலும் கதை ஓயவில்லை. எழுவர் மாறி மாறி நடிக்க, ஏறத்தாழ 700 பகுதிகள், இருபத்தாறு ஆண்டுகள் ஓடின. தந்தை சிறுவனாக இருந்து பார்த்ததை மகனும் பார்த்தான்.

அந்தப் புதன்கிழமை ஒளிபரப்பான பகுதியின் இறுதியில் டாக்டரும் அவனுடன் பயணம் செய்யும் பெண்ணும் முதுகு காட்டி நடந்து செல்கின்றனர். செய்ய வேண்டிய பணிகள் இன்னும் இருக்கின்றன என்னும் பொருள்பட அவன் குரல் ஒலிக்கிறது. அந்தக் குரலைத் தனியே பதிவு செய்து சேர்த்தது நவம்பர் 23 அன்று, தொடரின் இருபத்தாறாம் பிறந்தநாளில், என்று பின்னர் அறிந்தோம். இனி இது தொடராமற் போகலாம் என்று எடுத்தவர்கள் உணர்ந்திருந்தனர். பார்த்தவர்களுக்கோ எவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஆயினும் அச்சிறுவன் எப்படியோ உணர்ந்துகொண்டான். பெட்டியை அணைத்துவிட்டு, "இது இனித் திரும்பாது போலிருக்கிறது" என்றான். நாம் சிரித்தோம். "இது போனால் இன்னொன்று வரும், கதைக்கா பஞ்சம்?" என்றோம். அவன் மறுமொழி கூறாமல் மாடிப்படி ஏறிவிட்டான். சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அவன் தாயாரின் பார்வை, நாம் தவறு செய்துவிட்டோம் என்பதை நமக்கு உணர்த்திற்று.

தொடர் நலிந்திருந்தது என்பது உண்மை. 1979-இல், எதிர்த் தொலைக்காட்சியில் வேலைநிறுத்தம் நடந்தபோது, இதன் ஒரு பகுதியை 1 கோடியே 60 லட்சம் பேர் பார்த்தனர். பத்தாண்டு கழித்து, 1989-ஆம் ஆண்டுத் தொடரின் தொடக்கப் பகுதியைப் பார்த்தவர் 31 லட்சம் பேரே. நாடறிந்த குடும்பத் தொடரான 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' ஓடும் அதே நேரத்தில் இதை நிறுத்தினால் வேறென்ன நடக்கும்?

நான்காண்டுகளுக்கு முன்னரும் ஒரு கண்டம் வந்ததுண்டு. 1985-இல் தொடரைப் பதினெட்டு மாதங்கள் ஒத்திவைப்பதாக பி.பி.சி. அறிவித்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. டாக்டரைக் காப்பாற்றக் கோரி, நடிகர்களையும் பாடகர்களையும் கூட்டி ஓர் இசைத்தட்டே வெளியிட்டனர். பாட்டு எடுபடவில்லை, பரிகாசத்திற்கே ஆளாயிற்று. தொடர் 1986-இல் மீண்டது, பதினான்கே பகுதிகளுடன்.

மீண்டதைக் கண்டு ரசிகர்கள் மகிழ்ந்தார்களா என்றால், அதுவும் இல்லை. அவ்வாண்டின் இறுதியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இளம் ரசிகர்கள் சிலர் தோன்றி, அத்தொடருக்குக் கதை எழுதியவர்களையே நேருக்கு நேர் குறை கூறினர். அவர்களில் ஒருவர் கிறிஸ் சிப்னல் என்னும் பதினாறு வயது இளைஞர். அன்பு மிகுந்த இடத்தில் குறை சொல்லும் உரிமையும் மிகுந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த மருமகளின் ஆணத்தில் உப்புப் பார்க்கிறவர்கள் ஊரார் அல்லரே! அன்புடையோரின் கோபம் எப்போதும் நியாயமானது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் 1989-இல் முடிவு வந்தபோது அந்தக் கோபத்துக்கும் இடமில்லாமற் போயிற்று. முடிந்தது என்று சொன்னாலன்றோ முட்டி மோதலாம்? மீண்டும் வரும், வேறு வகையில் வரும் என்றே ஆண்டுகள் கழிந்தன.

நாம் அச்சிறுவனின் அறைக் கதவைத் தட்டியது இரண்டு நாட்கள் கழித்து. வருத்தம் தெரிவிக்கவே சென்றோம். அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்தான். அதில் நிறைய கேசட்டுகள். ஒன்றை ஓடவிட்டான். மழை பெய்வது போன்ற இரைச்சலுக்கு நடுவே மனிதக் குரல்கள் மங்கலாகக் கேட்டன. 1966-இல் முதல் டாக்டர் முகம் மாறும் பகுதி அது என்றான். "படம் எங்கே?" என்று கேட்டோம். "அழித்துவிட்டார்கள்" என்றான்.

அறுபதுகளில் வந்த பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை அன்று இல்லாமற் போயிருந்தன. பகைவர் எவரும் அழிக்கவில்லை. எடுத்த நிலையமே அழித்திருந்தது. காரணங்களும் உண்டு. அன்று வீடியோ நாடா விலை மிகுந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவதே வழக்கம். மறு ஒளிபரப்புக்கு நடிகர்களுடன் செய்த உடன்படிக்கை ஓர் அளவுக்குத்தான் இடம் தந்தது. வண்ணப் படம் வந்தபின் கறுப்பு வெள்ளைக்கு மதிப்பில்லை. வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த பிலிம் படிகளும், விற்கும் உரிமை முடிந்ததும் குப்பைக்குச் சென்றன. 1978 வரை இது நடந்தது. இனி யார் இதைக் கேட்கப் போகிறார்கள் என்பதே எல்லாக் காரணங்களுக்கும் அடியிலிருந்த எண்ணம்.

ஆனால் கேட்டவர்கள் இருந்தார்கள். வீடுகளில் வீடியோ இல்லாத காலத்தில், நாட்டின் வெவ்வேறு மூலைகளில் சில பிள்ளைகள், ஒருவரையொருவர் அறியாமலே, தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, வீட்டிலுள்ளோரை வாய் திறக்காதிருக்கக் கெஞ்சி, ஒலியை மட்டும் பிடித்து வைத்தனர். இன்றும் ஏறக்குறைய நூறு பகுதிகளுக்குப் படம் இல்லை. ஆனால் ஒலி இல்லாத பகுதி ஒன்றுகூட இல்லை. சிறுவன் அன்று ஓடவிட்ட மற்றொரு கேசட்டில், வேற்றுக்கிரகத்துப் போரின் நடுவே ஒரு தேநீர்க் கோப்பை வைக்கப்படும் ஓசை கேட்டது. யார் வீட்டுக் கோப்பையோ!

நாம் அதற்கு மேல் அங்கு இருக்க இயலாமல் நம் அறைக்குத் திரும்பினோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம்முடைய உம்மாவுக்கு எழுதுவது கைவராது. நாம் சீமைக்குப் போனபின், ஊரிலிருந்து வருகிறவர் எவரிடமேனும் தம் பேச்சைக் கேசட்டில் பதிந்து கொடுத்தனுப்புவார். நாடா தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு எப்போதும் உண்டு. "நாடா முடியப் போவுது வாப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்று கடைசியில் அவசர அவசரமாகச் சொல்லுவார். பெற்ற மகனை 'வாப்பா' என்று அழைப்பது நம் வீட்டு வழக்கம். நாம் இருமுறை கேட்போம். பிறகு அதே கேசட்டைக் கல்லூரிக்குக் கொண்டு சென்று விரிவுரைகளைப் பதிவோம். புதுக் கேசட்டுக்குக் காசு தர வேண்டுமே. உம்மாதான் அடுத்த மாதம் இன்னொன்று அனுப்புவாரே! 1987-இல் உம்மா மறைந்தார். நம்மிடம் ஆறு கேசட்டுகள் இருந்தன. ஆறிலும் பொருளாதார விரிவுரைகள் இருந்தன.

பி.பி.சி. அழித்ததும் நாம் அழித்ததும் ஒரே எண்ணத்தால்தான். நிலையத்தைப் பழிக்கும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் பிறர் வீசியெறிந்த கதையை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்திருந்த பிள்ளையைப் பார்த்து நாம் சிரித்தோம் என்பது இன்றும் மனத்தில் உறுத்துகிறது.

பின்னர் நடந்தவற்றைத் தொலைவிலிருந்து கவனித்து வந்தோம். ரசிகர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. 1991 முதல் டாக்டரின் கதைகள் புதிய நாவல்களாக வரத் தொடங்கின. எழுதியவர்களுள் பலர் அத்தொடரைப் பார்த்து வளர்ந்த ரசிகர்கள். 1996-இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படம் வந்து, தொடராமல் நின்றது. 1999-இலிருந்து ஒலி நாடகங்கள் வெளிவந்தன. 2005 மார்ச் 26 அன்று தொடர் மீண்டும் பிறந்தது. அதை ஏற்று நடத்திய ரஸ்ஸல் டி. டேவிஸ், அந்நாவல்களில் ஒன்றை எழுதியிருந்தவர். பள்ளிச் சிறுவனாயிருந்தபோது இத்தொடரைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய பீட்டர் கபால்டி, 2013-இல் டாக்டராகவே வந்தார். எழுத்தாளர்களைக் குறை கூறிய அந்தக் கிறிஸ் சிப்னல், 2018 முதல் 2022 வரை தலைமை எழுத்தாளராக இருந்து, தாம் அன்று கொடுத்ததை வட்டியுடன் வாங்கிக்கொண்டார்.

காணாமற் போனவையும் சில திரும்பின. 2013-இல், நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் தூசி படிந்து கிடந்த பிலிம் சுருள்களிலிருந்து ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்ட செய்தி வந்தது. அன்று அச்சிறுவனை நினைத்தோம். அப்போது நாற்பதை நெருங்கியிருப்பான். எங்கிருந்தாலும் மகிழ்ந்திருப்பான். நமக்கும் ஒரு கணம், எந்த ஊர் அலமாரியிலாவது உம்மாவின் கேசட் ஒன்று கிடக்காதா என்று மனம் அலைந்தது. கிடக்காது. அதற்குப் படி எடுத்தவர் எவருமில்லை.

ஒரு கதை முடியும்போது அதை நேசித்தவர்கள் கத்துகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், ஒருவரோடொருவர் சண்டையிடுகிறார்கள். அவை அடங்கிப் போகும். ஓசையின்றி ஒரு மூலையில் உட்கார்ந்து பதிந்து வைத்தவன் செய்ததே மிஞ்சுகிறது.

இந்நாளில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கும் கேசட் தேவையில்லை. கைபேசியிலேயே குரல் பறந்து வருகிறது. வந்த வேகத்தில் அழிக்கவும்படுகிறது. நம் பேத்தி சென்ற மாதம் கைபேசியில் இடமில்லை என்று பழைய குரல் செய்திகளை அழிக்கத் தொடங்கினாள். அவற்றுள் அவளுடைய பாட்டியின் குரலும் இருந்தது. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டோம். அவற்றை வேறிடத்தில் படியெடுத்து வைத்த பிறகே திருப்பிக் கொடுத்தோம். கிழவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவள் சிரித்தாள். நாமும் ஒரு நாள் அப்படிச் சிரித்தவர்தாம், ஆகையால் கோபித்துக்கொள்ளவில்லை.