கணக்குப் பார்க்க ஆள் இல்லை

எங்கள் மாலைப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் 98 வாங்கினாள். "பி.காம் சேரட்டுமா அண்ணா?" என்று கேட்டாள். "சட்டம் படிம்மா, சமூகத்துக்குப் பயன்படும்" என்று நாங்கள்தான் திருப்பிவிட்டோம்.

அடுத்த ஆண்டு, துணைத் திட்ட நிதி குறித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குக் கட்டுக்கட்டாகத் தாள்கள் வந்தன. ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, செலவு, திருப்பி ஒப்படைத்தது. சமூகவியலில் எம்.ஏ. முடித்த நாங்கள் சுற்றி உட்கார்ந்து முழித்தோம். நமக்கென்று ஒதுக்கிய பணம் எந்தத் தலைப்பில் நுழைந்து எங்கே போகிறது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அவளைக் கூப்பிட்டோம். "நீங்கதான என்னை லா காலேஜுக்கு அனுப்பினீங்க?" என்றாள்.

அண்ணல் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிப் புத்தகம் போட்டவர். நாம் அவர் கையிலிருக்கும் அரசியல் சட்டத்தை மட்டும் பார்க்கிறோம்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் வணிகவியலுக்கு வராததற்கு ஆர்வக்குறைவு காரணமல்ல. சி.ஏ. என்றால் யாருடைய வீட்டுப் படிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர வேண்டும். அங்கே இட ஒதுக்கீடு கிடையாது, தெரிந்தவர்தான் வேண்டும். அந்தத் தெரிந்தவர்களைத் தேடுவதுதான் இப்போது எங்கள் வேலை.

போன வாரம் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கொடுத்தோம். ஒரு பையன் தெருவிளக்குச் செலவில் விரலை வைத்து, "காலனியில லைட்டே எரியலையே அண்ணா" என்றான். அக்டோபர் 2 கிராம சபையில் அவனே கேட்கப்போகிறான்.