உத்தேச எடை

பல மருந்துகளின் அளவைச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நாங்கள் இன்றும் அதிகம் போடும் கணக்கு 1976இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண் என்றால் வந்த விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். பகலில் நிதானமாக உட்கார்ந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். இரவு இரண்டு மணிக்கு காஷுவாலிட்டியில் ஒரு ட்ராலியில் வலிப்பு வந்தவர், அடுத்ததில் பூச்சிமருந்து குடித்தவர் என்று இருக்கும்போது அதே கணக்கு கை நழுவும். அதனால் எம்.டி.கால்க் போன்ற ஆப்கள் வந்ததில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. நான்கு கட்டங்களை நிரப்பினால் விடை வந்துவிடுகிறது. பெருக்கல் பிசகிவிடுமோ என்ற கவலை எங்கள் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

இறங்காமல் நிற்பது அந்த நான்கு கட்டங்களில் என்ன எழுதுவது என்பதுதான்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 78 வயது மூதாட்டி, கிரியேட்டினின் 1.4. காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது, உறைவைத் தடுக்கும் எனாக்சபரின் ஊசி போட வேண்டும். போர்வைக்குள் கால் வீங்கிப் படுத்திருக்கிறவரைப் பார்த்து எடை 60 என்று போட்டால் ஆப் 31 என்று காட்டும். அவர் உண்மையில் 42 கிலோ என்றால் விடை 22. இரண்டுக்கும் நடுவே 30 என்ற கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே என்றால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு ஊசி. கீழே என்றால் ஒன்றுதான். 60 என்று நம்பியவர் ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம் எழுதுவார். அந்த உடம்புக்கு வேண்டியதோ 42. கிட்டத்தட்ட மூன்று மடங்கு மருந்து உள்ளே போகிறது. உறைந்த ரத்தத்துக்காகக் கொடுத்தது வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவை உண்டாக்க இது போதும். ஆப் இரண்டு முறையும் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது.

நம் ஊரில் கர்ப்பிணிக்கு ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறோம். அங்கன்வாடியில் குழந்தைக்குப் பார்க்கிறோம். அறுபதைத் தாண்டிய ஒரு கிழவியையோ செங்கல் சூளையில் வேலை பார்க்கிற ஆளையோ கடைசியாக யார் எடை பார்த்தார்கள்? ட்ராலியில் வந்து இறங்குகிறவரால் மெஷின் மேல் ஏறி நிற்க முடியாது. "அம்மா எவ்வளவு எடை இருப்பாங்க?" என்று கேட்டால் மகள், "முன்னெல்லாம் நல்லா இருப்பாங்க சார், ஆறு மாசமா ரொம்ப இளைச்சுட்டாங்க" என்பாள். மகள் சொன்னது நோயைக் கண்டுபிடிக்க உதவும் அருமையான தகவல். ஆனால் கட்டம் எண்ணைக் கேட்கிறது. அந்த அவசரத்தில் ஹவுஸ் சர்ஜன்களின் விரல் தானாக 60இல் போய் நிற்பதை நான் கவனித்திருக்கிறேன். மனதில் பதிந்துபோன ஒரு சராசரி எடை அது.

வயதும் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஆதார் அட்டையில் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள் எங்கள் வார்டில் எத்தனையோ பேர். பள்ளிக்கூடம் போகாத தலைமுறைக்கு அட்டை எடுக்கப் போன இடத்தில் யாரோ குறித்துக்கொடுத்த ஆண்டு அது. "தனுஷ்கோடி புயலப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்று ஒரு பாட்டி சொன்னால், 1964இல் அவருக்கு இருபதாவது இருந்திருக்க வேண்டும். அட்டை எழுபத்திரண்டு என்கிறது. அட்டையை விட்டுப் பாட்டியை நம்புவதுதான் முறை. புயலை வைத்து, கல்யாணத்தை வைத்து, மூத்த பிள்ளையின் வயதை வைத்துக் கேட்டுப் பெறுகிற வயதுக்கு இரண்டு நிமிடம்தான் பிடிக்கும்.

மருந்துகளின் கதை இன்னும் சிக்கலானது. ஒரு மருந்தோடு இன்னொன்று சேர்ந்தால் ஆபத்தா என்று பார்க்க மெட்ஸ்கேப்பில் நல்ல வசதி இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குப் புதிதாக ஓர் ஆன்டிபயாடிக்கை எங்கள் யூனிட்டில் அதைப் பார்க்காமல் எழுதுவதில்லை. ஆனால் பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? நோயாளி கொண்டுவரும் மஞ்சப்பையில் பாதியாக வெட்டிய மாத்திரை அட்டைகள் இருக்கும். பெயர் இருந்த பாதி கடைக்காரரிடமே தங்கிவிட்டது. "வெள்ளை மாத்திரை காலையில, ரோஸ் மாத்திரை ராத்திரி" என்பார். பெயர் கிடைத்தாலும் அது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக இருக்கும். இங்கே சர்க்கரைக்குத் தாராளமாக எழுதப்படும் வோக்லிபோஸ் அமெரிக்காவில் புழக்கத்திலேயே இல்லை. அங்கே செய்த ஆப்பில் அதைத் தேடி என்ன பயன்?

எந்தச் சூத்திரத்துக்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு. காக்கிராஃப்ட்டும் கால்ட்டும் கனடாவில் 249 ஆண்களை வைத்துத்தான் தங்கள் சூத்திரத்தை உருவாக்கினார்கள். பெண்ணுக்குப் போடும் 0.85, பெண் உடம்பில் தசை குறைவு என்பதால் அனுமானமாகச் சேர்த்த எண். இன்னொரு சிறுநீரகக் கணக்கில், கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கூட்டிக் காட்டும் ஒரு பெருக்கல் எண் பல ஆண்டுகள் இருந்தது. 2021இல்தான் அதை நீக்கினார்கள். பி.எம்.ஐ. 25 வரை சரியான எடை என்று திரை சொல்லும். ஆசிய உடம்புக்கு 23இலேயே கவலைப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொல்லிவிட்டது. இதனால் ஆப்களைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. யாரை அளந்து வந்த எண் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தச் சொல்கிறேன். பி.ஜி. வகுப்பில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எத்தனையோ நல்லது நடக்கும்.

எடையே தேவைப்படாத ஒரு நோய் உண்டு: பாம்புக்கடி. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. அதனால் பத்துக் கிலோ குழந்தைக்கும் எழுபது கிலோ ஆளுக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றுதான். குழந்தைக்கு எல்லாவற்றையும் கிலோ கணக்கில் குறைத்துப் பழகிய இளம் மருத்துவரின் கை இங்கே தயங்கும். அந்தத் தயக்கத்தைப் போக்க இரண்டு வரியில் பதில் காட்டும் ஆப் பெரிய துணை. ஆனால் பாம்புக்கடியில் என் மொபைலில் அதிகம் உழைப்பது சாதாரண டைமர். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பதினைந்தாவது நிமிடத்தில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தால் எல்லாம் போயிற்று. நெருக்கடியான இரவில் அந்த இருபது நிமிடத்தை யாருடைய மனமும் சரியாக எண்ணாது, போன் எண்ணும்.

போனைப் பார்க்கும் மருத்துவரை நோயாளியின் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் எங்கள் நினைவில் இருக்க வேண்டும். உயிருக்குப் போராடுகிற அப்பாவின் கட்டிலருகே நின்று திரையைத் தடவும் ஒருவரைக் கண்டால் எந்த மகனுக்கும் வயிறு எரியும். அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. "அப்பாவுக்கு இந்த மருந்து எவ்வளவு கொடுக்கணும்னு கணக்குப் பார்க்கிறேன் தம்பி" என்று ஒரு வாக்கியம் சொல்லித் திரையை அவர் பக்கமும் திருப்பினால் போதும். அப்படிச் சொல்லும்போதுதான், "சார், அவருக்கு ஏற்கெனவே கிட்னியில கல்லு எடுத்திருக்கு" என்று கேஸ் ஷீட்டில் இல்லாத சேதி வெளியே வரும்.

வாட்ஸ்அப்பையும் சொல்ல வேண்டும். மருத்துவத்துக்காக யாரும் அதை உருவாக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் மருத்துவர்கள் அதிகம் கையாளும் மருத்துவ ஆப் அதுவாகத்தான் இருக்கும். தாலுகா மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி. அடுத்த நிமிடம் இதய மருத்துவரின் கையில் இருக்கிறது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் என்பதால் இந்த வேகத்தின் அருமை சொல்லி முடியாது. அதே ஈ.சி.ஜி. தாளின் மேல் ஓரத்தில் நோயாளியின் பெயரும் இருக்கும். அதை மடித்துவிட்டுப் படம் எடுக்க ஒரு நொடி ஆகாது. அந்த ஒரு நொடியைச் செலவிடாதவர்களை நான் கடிந்துகொள்கிறேன், இனியும் கடிந்துகொள்வேன்.

எடைக்கு வருகிறேன். ட்ராலியோடு உருட்டி ஏற்றி எடை பார்க்கும் தட்டு மெஷின் எல்லா காஷுவாலிட்டியிலும் வேண்டும். ட்ராலியின் எடையை முன்பே எழுதி ஒட்டிவிட்டால் கழித்துக்கொள்ளலாம். அது வரும்வரை எங்கள் யூனிட்டில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எடையை எழுதும்போது, மெஷினில் பார்த்த எடை என்றால் எண் மட்டும். கண்ணால் மதிப்பிட்டது என்றால் பக்கத்தில் 'உத்தேசம்' என்பதற்கு ஓர் 'உ' போட்டுச் சுழிக்க வேண்டும். காலையில் டூட்டிக்கு வருகிறவர் அந்த 'உ'வைக் கண்டால், நோயாளி எழுந்து நிற்கும் நிலையில் இருந்தால் முதலில் மெஷினில் நிறுத்துவார். பிறகு ஆப்பைத் திறந்து எல்லா மருந்தின் அளவையும் மறுபடி போடுவார்.