நல்ல கிருமி என்றாலும் உயிருள்ள கிருமிதான்



தெமட்டகொடையில் எந்தப் பாமசிக்குப் போனாலும் இப்போது ப்ரோபயோடிக் போத்தல் இருக்கிறது. எங்கட ஸ்டாஃப் ரூமிலும் அதே பேச்சுத்தான். "டீச்சர், நல்ல கிருமி, ஒன்றும் செய்யாது, போட்டுப் பாருங்க."

போன மாதம் தொண்டை நோவுக்கு ஏழு நாள் அன்டிபயோடிக் குடித்தேன். வயிறு குழம்பிவிட்டது. நானும் ஒரு போத்தல் வாங்கினேன். முதல் வாரம் வயிறு ஊதினதுதான் மிச்சம். பிறகு சரியானது. குளிசையால் சரியானதா, தானாகவே சரியானதா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

போத்தலில் பாதி மிஞ்சியது. எங்கட ராத்தாவுக்கு கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். சாப்பாடே இறங்குவதில்லை. அவருக்காவது உதவட்டும் என்று அதை எடுத்துக்கொண்டு போனேன். ராத்தாவின் மகள்தான், "சாச்சி, டொக்டரிடம் கேட்காமல் வேணாம்" என்று தடுத்தாள். போன் எடுத்துக் கேட்டோம். டொக்டர் வேண்டவே வேண்டாம் என்றார். வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் இந்த நல்ல கிருமியே இரத்தத்தில் கலந்து நோயாகலாமாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தேடித்தேடிப் படித்தேன்.

நெதர்லாந்தில் கணையம் கடுமையாக வீங்கிய சுமார் 300 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ப்ரோபயோடிக் கொடுக்கப்பட்ட பாதிப்பேரில் 24 பேர் மௌத்தானார்கள். மற்றப் பாதியில் 9 பேர்.

இந்தியாவில் ஒடிசாக் கிராமங்களில் 4,500க்கும் அதிகமான பச்சிளம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. ஒரு குறிப்பிட்ட கிருமியை ஏழு நாள் கொடுத்ததில் கடும் தொற்றும் மரணமும் சேர்த்து 40 சதவீதம் குறைந்தன.

இரண்டுக்கும் பெயர் ப்ரோபயோடிக்தான். எந்தக் கிருமி, யாருக்கு, எந்த நிலையில் என்பதுதான் முக்கியம்.

சரி, சுகமாக இருக்கும் நமக்கு? கனபேருக்கு ஆபத்தில்லை. காற்று, வயிறு ஊதுதல் வரலாம். அன்டிபயோடிக்கால் வரும் வயிற்றோட்டத்தைச் சில வகைகள் குறைக்கலாம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஆனால் 2018இல் 'செல்' ஆய்விதழில் வந்த ஒரு சிறிய ஆய்வில், அன்டிபயோடிக்குக்குப் பிறகு ப்ரோபயோடிக் எடுத்த ஆரோக்கியமானவர்களின் குடலில் சொந்தக் கிருமிகள் திரும்பிவர, ஒன்றும் எடுக்காதவர்களை விட அதிக காலம் பிடித்தது. ஒரு நோயும் இல்லாமல் தினமும் குடிப்பதால் பெரிய பலன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் எதையும் நான் காணவில்லை.

இன்னொன்று: கெப்ஸ்யூல் உறை பலதில் ஜெலட்டின். எதிலிருந்து எடுத்தது என்று பார்த்து வாங்குங்கள்.

வயிறு நன்றாக இருப்பவருக்குப் பருப்பு, கீரை, பழம், ஒரு கிண்ணம் எருமைத் தயிர் போதும். புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர், உறுப்பு மாற்றியவர், குறைமாதப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் கடும் நோயோடு இருப்பவர் என்றால் டொக்டரிடம் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். உங்கட வீட்டில் மிஞ்சின போத்தலை அன்பில் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுக்கத்தான் போனேன். அந்தப் பிள்ளை தடுத்தாள், அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தாவின் ஷிஃபாவுக்கு துஆச் செய்யுங்கள்.